ஹையேட்டஸ் ஹேர்னியாவோடு வாழ்வது: கமரா அறைத் தாதியிடம் கேள்வி பதில்

வணக்கம். மட்டக்களப்பில் 22 வருடம் கமரா அறையில், அதாவது எண்டோஸ்கொப்பி செய்யும் அறையில், தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் ஹையேட்டஸ் ஹேர்னியா வந்து 9 வருடம் ஆகிறது. பகல் முழுக்கக் கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. நான் டொக்டர் இல்லை. உங்கள் குளிசையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன். மற்றபடி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து: கமரா விட்டுப் பார்த்துவிட்டு ஹையேட்டஸ் ஹேர்னியா என்று எழுதித் தந்தார்கள். ஹேர்னியா என்றால் கவட்டில் வீங்குவதுதானே? எனக்கு அங்கே ஒன்றும் இல்லையே, ரிப்போட் மாறிவிட்டதா?

மாறவில்லை தம்பி. உள்ளே இருக்கும் உறுப்பு, தடுத்து வைத்திருக்கும் தசை தளர்ந்த இடத்தால் வெளியே தள்ளினால் எல்லாவற்றுக்கும் ஹேர்னியா என்றுதான் பெயர். உங்களுக்குத் தளர்ந்திருப்பது உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை அது. அதிலுள்ள ஒரு துவாரத்தால் உணவுக்குழாய் இறங்கி இரைப்பையில் சேர்கிறது. துவாரம் அகன்று, இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறிவிட்டால் இந்த வருத்தம். நூறில் 95 பேருக்கு இரைப்பை நேராக மேலே வழுக்கி ஏறி இறங்கும் வகைதான் இருக்கும். அது ஆபத்தில்லாதது, அமிலத்தை மேலே விட்டுவிடுவதுதான் அதன் தொல்லை. மிச்சப் பேருக்கு இரைப்பை உணவுக்குழாயின் பக்கத்தால் உருண்டு ஏறும். அதைப் பற்றிக் கீழே ஒரு அக்காவின் கேள்விக்குச் சொல்கிறேன்.

கல்முனையிலிருந்து: வயது 52, சீனி வருத்தம் இருக்கிறது. போன வருடம் ஹேர்னியா என்றார்கள். இரண்டு நாளாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, இருந்தால் விடுகிறது. கஸ்ட்ரிக் சிரப் குடித்தும் குறையவில்லை. ஹேர்னியா வலி இப்படித்தான் இருக்குமா?

இதை வாசித்தவுடன் எழும்பிப் போய் ஈசிஜி எடுங்கள். தனியாகப் போக வேண்டாம், மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டும் போக வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். நடக்கும்போது வந்து இருந்தால் விடுகிற இறுக்கத்தை இரைப்பையின் தலையில் போடக் கூடாது. சீனி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். போய்விட்டு யாரையாவது கொண்டு ஒரு வரி எழுதுவியுங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஹேர்னியா வலியும் இருதய வலியும் நெஞ்சின் ஒரே இடத்தில்தான் வரும். அனுபவமுள்ள டொக்டர்மாரே ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் பிரித்துச் சொல்வதில்லை. நம் ஊரில் நெஞ்சு நொந்தால் முதலில் சோடா, பிறகு ஓமத்தண்ணீர், பிறகு கஸ்ட்ரிக் குளிசை, ஆகக் கடைசியில்தான் ஆஸ்பத்திரி. அந்த வரிசையில் வந்து தாமதமானவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹேர்னியா இருக்கிறது என்று ரிப்போட் கையில் இருப்பது, இருதயம் சுகம் என்பதற்கு அத்தாட்சி இல்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: 41 வயது, அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். 3 சென்ரிமீற்றர் ஹேர்னியா. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது, முதுகு நடுவிலும் வலி. ஒமிபிரசோல் குடித்துக் குடித்து வெறுத்துப்போனது. ஒரேயடியாக ஒப்பரேஷன் செய்துவிடலாமா அக்கா?

முதலில் ஒன்று கேட்கிறேன், குளிசையை எப்போது குடிக்கிறீர்கள்? கமரா அறைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் சாப்பிட்ட பிறகு, அல்லது எரிவு வந்த பிறகு குடிக்கிறவர்களாகத்தான் இருந்தார்கள். ஒமிபிரசோல் வந்த எரிவை அணைக்கிற மருந்து இல்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கும் இடங்களைச் சாப்பாடுதான் எழுப்பும். அவை எழும்பும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அடைக்க முடியும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன், தினமும். சில நாள் தொடர்ந்து குடித்தால்தான் முழுப் பலன் தெரியும்.

அப்புறம் இடுப்பு. நான் சீருடையோடு வெள்ளைப் பட்டி கட்டி வேலை செய்தவள். மாலையில் அவிழ்க்கும்போது வயிற்றில் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருக்கும். எனக்கு வருத்தம் வந்த பிறகுதான் அந்தக் கோட்டைக் கவனித்தேன். பட்டியை இரண்டு துளை தளர்த்திப் போட்டேன், அந்தக் கிழமையே மத்தியான எரிவு பாதியாகக் குறைந்தது. நீங்கள் மூட்டை தூக்கும்போது சாரனை இறுக்கி முடிந்து, அதன் மேல் துவாயும் கட்டுவீர்கள். வயிற்றுக்குள் அமுக்கம் கூடி இரைப்பை மேலேதான் போகும். வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் மூட்டைக்குப் போகாதீர்கள். தூக்கும்போது மூச்சை அடக்கி முக்காமல், முழங்காலை மடித்து, மூச்சை விட்டுக்கொண்டு தூக்குங்கள்.

இனி ஒப்பரேஷன். வயிற்றில் 5 சிறு துளை போட்டு, ஏறிய இரைப்பையைக் கீழே இறக்கி, அகன்ற துவாரத்தைத் தைத்துச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல் மடலை உணவுக்குழாயின் அடியைச் சுற்றிப் போர்த்துத் தைப்பார்கள். ருடொல்ஃப் நிசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1956இல் எழுதி வெளியிட்ட முறை இது. அவர் முழுச் சுற்றாகச் சுற்றினார். 270 பாகை மட்டும் சுற்றுகிற டூபே முறையும் உண்டு, அதில் விழுங்கும் கஷ்டமும் வயிறு ஊதுவதும் குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை, ஆனால் கிளினிக்கில் காட்டி முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

யாருக்குப் பலன் என்பதுதான் முக்கியம். குளிசைக்கு எரிவு நன்றாகக் குறைகிறது, ஆனால் வாழ்நாள் முழுக்கக் குடிக்க விருப்பமில்லை என்பவருக்கும், உங்களைப் போலத் தொண்டைக்குப் புளித்த தண்ணீர் வருகிறவருக்கும் பலன் நல்லது. ஏனென்றால் குளிசை அமிலத்தைத்தான் குறைக்கும், மேலே வருவதை மறிக்காது. குளிசைக்கு ஒரு துளியும் கேட்காதவர்தான் ஒப்பரேஷனுக்கு அவசரப்படுவார். அவரைத்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டும். அவருடைய வலி அமிலத்தால் வருவதாகவே இல்லாமல் இருக்கலாம். அதற்குத்தான் 24 மணித்தியால அமில அளவும், உணவுக்குழாயின் அமுக்கம் பார்க்கும் சோதனையும். அவை செய்யாமல் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

செய்த பிறகு சில கிழமை கஞ்சியும் மசித்த சாப்பாடும்தான். புட்டு, பாண், இறைச்சி எல்லாம் தொண்டைக்குக் கீழே அடைத்து நிற்கும், அவை கடைசியில். ஏவறை விடுவதும் சத்தி எடுப்பதும் கஷ்டமாகி வயிறு ஊதும், பலருக்கு மாதங்களில் குறையும். 6 கிழமையாவது பாரம் தூக்க முடியாது. உங்கள் வீட்டுச் சீவியம் மூட்டையில் இருக்கிறது, ஆகவே அந்தக் காலத்துக்குக் கையில் என்ன இருக்கிறது என்று முதலே பாருங்கள். திரும்பப் பழைய பாரத்துக்குப் போனால் தைத்த இடம் மறுபடி தளரவும் கூடும். எனக்கும் சத்திரசிகிச்சை டொக்டர் இதைச் சொன்னார். குளிசையோடும் தளர்ந்த பட்டியோடும் இருந்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். அது என் முடிவு. உங்களுக்குத் தொண்டைக்கு ஏறுவது பெரிதாக இருக்கிறது, கிளினிக்கில் கேட்கத்தான் வேண்டும்.

ஏறாவூரிலிருந்து: பால் குடிக்கலாமா?

ஒரு கிளாஸ் குடிக்கலாம். எரிவைக் கொஞ்ச நேரம் ஆற்றும், பிறகு அதன் கொழுப்பும் புரதமும் அமிலத்தைத் திரும்பக் கூட்டும். மருந்தாக நினைத்துக் குடிக்க வேண்டாம்.

சம்மாந்துறையிலிருந்து: ஒமிபிரசோல் கிட்னியைப் பழுதாக்கும் என்று வீடியோ பார்த்தேன். எங்கள் பக்கம் கிட்னி நோயாளிகள் கூட. இந்தக் குளிசைதான் காரணம் என்கிறார்கள். நிறுத்திவிட்டேன், இப்போது முந்தியதைவிட எரிகிறது.

நல்ல கேள்வி. காரணம் தெரியாத சிறுநீரக நோய் இலங்கையில் 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு வேறு வரண்ட பகுதிகளிலும் கண்டார்கள். அதை இந்தக் குளிசையோடு முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. ஒமிபிரசோல் வகையால் மிக அரிதாகச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை போன்ற அழற்சி வரும் என்பது உண்மை. காய்ச்சல், தோலில் தடிப்பு, சிறுநீர் குறைவு கண்டால் உடனே காட்ட வேண்டும். நீண்ட காலம் குடிப்பவர்களிடம் சிறுநீரக நோய் சற்றுக் கூட இருப்பதாகச் சில ஆய்வுகள் சொன்னதும் உண்மைதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே நோய்க்காரர்கள். 17,000க்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒமிபிரசோலின் வகையைச் சேர்ந்த பன்டோபிரசோலும் பாதிப் பேருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஏறத்தாழ 3 வருடம் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. சிறுநீரக நோயில் வித்தியாசம் தெரியவில்லை. வயிற்றோட்டம் போன்ற குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது.

இப்போது கூட எரிவதற்குக் காரணம் திடீரென்று நிறுத்தியது. அடைத்து வைத்த சுரப்பு ஒன்றாகத் திறந்து பாயும், சில கிழமை நீடிக்கும். குறைப்பதென்றால் டொக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

திருக்கோவிலிலிருந்து: மிஸ், நீங்கள் கம்பனி மருந்துக்காகப் பேசுகிறீர்கள். என் மாமா 5 வருடம் ஒமிபிரசோல் குடித்தார், கிட்னி போய்விட்டது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

மாமாவின் நிலைக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறேன். ஒன்று கேட்கலாமா, அவர் ஒமிபிரசோலை ஏன் தொடங்கினார்?

திருக்கோவிலிலிருந்து, திரும்பவும்: முழங்கால் வலிக்குப் பாமசியில் குளிசை எடுப்பார். அது வயிறு எரியும் என்று இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்த முழங்கால் குளிசையின் பெயரைத் தேடிப் பாருங்கள். டைக்ளோஃபெனக், இபுபுரூஃபன் வகையாக இருந்தால், நாள்தோறும் வருடக்கணக்கில் எடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுப்பது அதுதான். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்றுவிட்டு அதைப் போடுவது இன்னும் மோசம். மாமாவுக்கு அதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லவில்லை, அவருடைய டொக்டரிடம் இதைச் சொல்லுங்கள். ஹேர்னியாக்காரருக்கு அந்தக் குளிசை இரட்டை நஞ்சு, உணவுக்குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். வலிக்கு என்றால் அளவோடு பனடோல். பாமசியில் பொட்டலமாக மடித்துத் தரும் பெயர் தெரியாத குளிசை எதையும் வாயில் போடாதீர்கள். உங்கள் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. தேவையே இல்லாமல் வருடக்கணக்கில் ஒமிபிரசோல் குடிப்பவர்கள் ஏராளம். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் "இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

களுவாஞ்சிகுடியிலிருந்து: காலையில் சுடுதண்ணீர் குடித்துவிட்டுக் குதிக்காலால் பத்துத் தரம் குதித்தால் இரைப்பை கீழே இறங்கிவிடுமாமே?

வழுக்கும் வகை நிமிர்ந்து நின்றாலே கொஞ்சம் இறங்கும், குனிந்தால் திரும்ப ஏறும். அகன்ற துவாரம் குதித்துச் சிறுக்காது. முழங்கால்தான் நோகும்.

கல்முனையிலிருந்து, முதலில் எழுதியவரின் மகள்: வாப்பாவை வாட்டில் வைத்திருக்கிறார்கள். ஈசிஜியில் மாற்றம் இருக்கிறதாம். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டொக்டர் சொன்னார்.

எழுதியதற்கு நன்றி மகள். உம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். வாப்பா குடிக்கிற எல்லாக் குளிசையையும், சிரப் போத்தலையும் சேர்த்து, வாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெருப்பாக எரிகிறது. குளிசை எப்போது?

ஒரு தரம் குடிக்கிற குளிசையென்றால் ஸஹருக்கு அரை மணித்தியாலம் முன் எழும்பிக் குடியுங்கள், கிளினிக்கிலும் ஒருமுறை உறுதி செய்யுங்கள். ஸஹரை அரை வயிறாக வைத்து, சுபஹ் தொழுத பிறகும் தட்டையாகப் படுக்காமல் தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் இடப்பக்கமாகச் சரியுங்கள். இடப்பக்கம் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்கும். நோன்பு திறக்கும்போது கஞ்சி நல்லது. பொரித்ததையும் தண்ணீரையும் ஒரே மூச்சில் நிறைக்காதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: அம்மாவுக்கு 68. இரைப்பையில் பாதி நெஞ்சுக்குள் என்கிறார்கள். எரிவு இல்லை, ஆனால் இரத்தம் குறைந்து களைக்கிறார்.

மேலே சொன்ன உருண்டு ஏறும் வகை இதுவாக இருக்கலாம் அக்கா. உதரவிதானத்தில் இரைப்பை உரசும் இடத்தில் சிறு புண்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியும், அதனால் இரும்புச்சத்து இறங்கும். சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள். இந்த வயதில் களைப்பு வேறு காரணங்களாலும் வரும், குடலையும் பார்க்கச் சொல்வார்கள். திடீரென்று மேல்வயிற்றில் கடும் வலி வந்து, ஓங்காளித்தும் சத்தி வராவிட்டால், இரைப்பை முறுகியிருக்கலாம். விடியும்வரை பார்க்காதீர்கள், அந்த நேரமே கொண்டுபோங்கள்.

பொத்துவிலிலிருந்து: தயிர் சாப்பிடலாமா?

ஆரையம்பதியிலிருந்து: மோர் குடிக்கலாமா? பால்?

பாலுக்கு மேலே பதில் இருக்கிறது, தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள். தயிரும் மோரும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஏறும். இரண்டு கிழமை ஒரு கொப்பியில் சாப்பிட்டதையும் எரிந்த நேரத்தையும் எழுதுங்கள். உங்கள் எதிரி யார் என்று அந்தக் கொப்பி சொல்லும். எனக்கு அது இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்ததுதான். மிளகாய்த்தூள் என்று வருடக்கணக்கில் நம்பியிருந்தேன்.

தம்பிலுவிலிலிருந்து: மூன்று மாதக் கர்ப்பம், எரிகிறது.

மிட்வைஃபிடம் இன்றைக்கே சொல்லுங்கள், நீங்களாக எதுவும் வாங்கிக் குடிக்காதீர்கள்.

கிரானிலிருந்து: கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தச் சொன்னார்கள். இரண்டு தலையணை வைக்கிறேன், போதாதா? செங்கல் வைக்கலாமா?

தலையணை கழுத்தைத்தான் உயர்த்தும். இடுப்பு மடிந்து வயிறு அமுங்கி இன்னும் ஏறும். தலைப்பக்கத்து இரண்டு காலையும் 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். செங்கல் வழுக்கும், இரவில் புரளும்போது கட்டில் விழும். ஊர்த் தச்சரிடம் இரண்டு மரக்கட்டை வெட்டி, கட்டில் கால் இறங்கி நிற்கிற அளவுக்கு நடுவில் ஒரு குழி குடையச் சொல்லுங்கள். என் கட்டிலின் கீழ் இருப்பது வேப்ப மரக்கட்டை, 9 வருடமாக அசையவில்லை.