ஒழுகும் கூரையின் கீழே வண்ணம் பூசாதீர்கள்

பழைய கிறிஸ்தவ ஆலயங்களைச் சீரமைக்கும் வேலையிலேயே தலை நரைத்த கட்டடப் பொறியாளர் நான். சபையார் கேட்டவற்றில் சிலவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, எங்கள் ஆலயச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மூன்று முறை சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. அடுத்து என்ன பூசலாம்?

முதலில் அந்தச் சிமெண்டை உடைத்தெடுங்கள். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. அதற்குள் ஈரம் புகும், பிறகு காற்றில் உலர்ந்து வெளியேறும். இத்தனை காலம் அது நின்றது அதனால்தான். மேலே சிமெண்டை அப்பினால் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை, இன்னும் உயரமாக ஏறுகிறது. அதோடு வரும் உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகி அதை உள்ளிருந்தே நொறுக்குகிறது. ஓர் ஆலயத்தில் நான் தட்டிப் பார்த்த சிமெண்ட் பூச்சு பலகைபோல ஒரே துண்டாகக் கழன்று வந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் சுரண்டினேன், ஈரச் சர்க்கரையாக உள்ளங்கையில் உதிர்ந்தது. பூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. சுவர்தான் போய்விட்டது.

பூச்சு உதிர்வது நோயின் அறிகுறிதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, அடைமழையில் குடையோடு ஆலயத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்குகிறதா, சுவர் வழியாக வழிகிறதா? புறாக்கூடு அடைத்த ஒரு குழாயே ஒரு மூலை முழுவதையும் ஊறவைத்துவிடும். வெளித்தரை காலப்போக்கில் உயர்ந்து சுவரின் அடிப்பாகத்தை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்து, சுவர் உலர விட்டு, அதன்பின் சுண்ணாம்புப் பூச்சை மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். உலர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். திருவிழாவுக்குள் முடித்துத் தருகிறேன் என்கிற ஒப்பந்ததாரரை நம்பாதீர்கள். மேலே பிளாஸ்டிக் கலந்த பெயிண்டும் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

கூரை, ஓவியக் கண்ணாடி ஜன்னல், மணிக்கூண்டு: எதிலிருந்து தொடங்குவது?

கூரை. மணிக்கூண்டிலிருந்து கல்லோ காரையோ விழுகிறது என்றால் மட்டும், இன்றைக்கே கீழே வேலி போட்டுவிட்டுக் கூரைக்குப் போங்கள். ஜன்னல் புடைத்திருந்தால், கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப் பட்டைகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். முட்டுக் கொடுத்து வையுங்கள், அது காத்திருக்கும்.

சுவரில் விரிசல் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து குறியுங்கள். வெயிலும் மழையும் சேர்ந்த ஓராண்டில் அது வளரவில்லையென்றால் பழைய காயம். வேகமாக வளர்ந்தாலோ சுவர் சாய்ந்தாலோ ஓராண்டெல்லாம் காத்திருக்கக் கூடாது, உடனே பொறியாளரை அழையுங்கள்.

கூரையில் வெல்டிங் நடக்கப்போகிறது. ஒப்பந்ததாரர் தீயணைப்புக் கருவி வைத்திருக்கிறார். போதுமா?

போதாது. வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து புகைகிறதா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தபோது அங்கே சீரமைப்புக்கான சாரம் நின்றிருந்தது. அந்தத் தீ வெல்டிங்கால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சாரம் கட்டிய நாட்களில் ஆலயத்துக்கு ஆபத்து அதிகம் என்கிறேன்.

நான் சபையின் பொருளாளர். "ஆலயப் புதுப்பிப்பு நிதி" என்று வாராவாரம் அறிவிப்பு வாசிக்கிறோம். பெட்டி நிறையவில்லை.

அறிவிப்பைக் கேட்டுப் பணப்பையைத் திறப்பவர் குறைவு. எது உடைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் திறப்பார்கள். ஒரு சபையில் கூரையிலிருந்து இறக்கிய உத்திரத்தின் நுனியை வாசலில் மேசைமேல் வைத்தோம். ஒரு சிறுவன் விரலால் குத்தினான், விரல் முழுவதும் உள்ளே போனது. அதன்பின் அங்கே யாரும் "எதற்குப் பணம்?" என்று கேட்கவில்லை.

பொது அறிவிப்புக்கு முன்பே, தர முடிந்த சில குடும்பங்களை நேரில் போய்ப் பாருங்கள். தேவையில் பாதியாவது உறுதியான பிறகு ஊரைக் கூட்டுங்கள். வேலையைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவதும் உதவும், ஆனால் ஜன்னலுக்குப் பத்துப் பேர் வருவார்கள், வடிகாலுக்கு ஒருவரும் வரமாட்டார். அதனால் வடிகால் செலவைக் கூரைக் கணக்கோடு சேர்த்துவிடுங்கள். பழைய கட்டடத்தைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, மதிப்பீட்டின்மேல் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகவும் வையுங்கள்.

வாக்களித்த தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் தனித்தனி ஏடு வேண்டும். நோத்ர தாமுக்கு ஒருசில நாட்களிலேயே பெரும் செல்வந்தர்கள் கோடிக்கணக்கான யூரோவை அறிவித்தார்கள். ஆனால் முதல் சில மாதங்களின் செலவைப் பெரும்பாலும் தாங்கியது சிறு கொடையாளர்களின் பணம்தான்.

ஒருவர் பெருந்தொகை தருகிறார். ஆனால் முகப்பில் புதுக் கோபுரம் எழுப்பித் தம் தந்தையின் பெயரைப் பொறிக்க வேண்டுமாம்.

பழைய அடித்தளத்தின்மேல் புதுப் பாரமா? நேரில் போய், மரியாதையாக, வேண்டாம் என்று சொல்லுங்கள். தந்தையின் பெயரைக் கூரை வேலையின் கல்வெட்டில் பொறிக்கலாம் என்றும் சொல்லிப் பாருங்கள். பலர் சம்மதிப்பார்கள்.

தம்பி, எனக்கு எண்பது வயதாகிறது. பணமாகத் தர ஒன்றுமில்லை. வேறு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் அம்மா. உங்கள் கல்யாணத்தன்று ஆலய வாசலில் எடுத்த படம் இருக்கிறதா? அதில் எத்தனை படிகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். அன்று ஐந்து, இன்று மூன்று என்றால் வெளித்தரை இரண்டு படி உயர்ந்திருக்கிறது. சுவரில் ஓதம் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். படத்தைப் பொறியாளரிடம் காட்டுங்கள். பிரதி எடுத்ததும் அசலை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், எங்கள் ஆட்கள் தொலைத்துவிடுவார்கள்.