உப்புக்காற்று அடிக்கும் மணலில் கற்றாழையா, அரளியா?

கேள்வி: உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. நான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன், வீட்டில் அம்மா மட்டும். தென்மேற்குப் பக்கம் முப்பது அடி நீளத்துக்கு வெறும் மணல் கிடக்கிறது. போர் தண்ணீர் உப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில்தான் நல்ல தண்ணீர். சோற்றுக்கற்றாழையை வைத்துவிட்டால் பராமரிப்பே வேண்டாம் என்கிறான் தம்பி. அம்மாவோ பூஜைக்குப் பூ கிடைக்கும், அரளி வைக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டு ஆடுகள் அவ்வப்போது உள்ளே வந்துவிடும். விடுமுறைக்குத் தங்கையின் மூன்று வயதுப் பையன் வருவான். எதை வைக்கலாம்?

பதில்: அந்த இடத்துக்கு அரளிதான். ஆனால் ஆடு உள்ளே வராதபடி வேலி அடைத்த பிறகு. அதுவரை தம்பி சொல்லும் கற்றாழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எது தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டுமே தாங்கும். கற்றாழை மழை பெய்யும்போது குடித்துச் சதையில் சேர்த்துக்கொள்ளும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு இரவில் திறந்து காற்றை இழுக்கும். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பது இதனால்தான். அரளியிடம் அப்படிச் சேமிப்பு கிடையாது. அதன் இலை தோல்போலத் தடித்தது. இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள், மயிர் மூடிய நிலையில் ஒளிந்திருக்கின்றன. மேலே காற்று எவ்வளவு அடித்தாலும் உள்ளிருக்கும் ஈரம் லேசில் போகாது. வேரும் ஆழமாக இறங்கும். ஆக, தண்ணீர்ச் சிக்கனத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

முடிவைச் சொல்வது காற்று. உங்கள் இடம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று நேராக வந்து மோதும் பக்கம். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை மன்னார் வளைகுடாவைத் தாண்டி வரும் அந்தக் காற்று உப்பையும் மணலையும் சேர்த்து வீசும். ஜன்னல் கம்பி, மோட்டார் மூடி என்று இரும்பு எல்லாம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார். கற்றாழை அந்தக் காற்றில் செத்துப்போகாது, ஆனால் எதையும் தடுக்காது. நன்றாக வளர்ந்தாலும் இரண்டு, மூன்று அடிதான் உயரம். காற்று அதற்கு மேலேயே போய்விடும். அரளி எட்டு, பத்து அடிக்குப் புதராக எழும்பி, தரையிலிருந்தே கிளை விடும். உப்பு படிந்த பழைய இலை நுனி கருகினாலும் அடுத்த கொழுந்து வந்துவிடும். நம் ஊரில் நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளியை வரிசையாக வைத்திருப்பது சும்மா இல்லை: வெயில், புகை, கவனிப்பின்மை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும்.

சுவர் எழுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். கெட்டியான சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். அந்தச் சுழலில்தான் மணல் வந்து குவியும். செடிவேலி காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கிறது, அதனால் அதன் பின்னால் அமைதியான இடம் அதிக தூரத்துக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் நீங்கள் முருங்கையோ கறிவேப்பிலையோ நிம்மதியாக வைக்க முடியும்.

கற்றாழைக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று தம்பி சொல்வது பாதிதான் சரி. சித்திரை வெயில் அதை ஒன்றும் செய்யாது. வெயில் கூடினால் இலை சிவந்து மெலியும்; அது நோய் இல்லை, மழை வந்ததும் பச்சை திரும்பிவிடும். அதைச் சாகடிப்பது ஐப்பசி, கார்த்திகை. ராமநாதபுரத்தின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த நேரம் உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மேலே வந்து, மணல்கூட இரண்டு நாள் ஊறி நிற்கும் பள்ளங்கள் உண்டு. அடித்தண்டு கொழகொழவென்றாகி, கையால் தொட்டாலே செடி பிடுங்கிக்கொண்டு வந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். அரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஒன்றரை அடி இடைவெளி போதும், பக்கக்கன்று தானாக நிரப்பிவிடும். மழைக்காலத்தில் தண்ணீரே ஊற்ற வேண்டாம்.

சரி, போர் தண்ணீர். எவ்வளவு உப்பு என்று தெரியாமல் பேசுவதில் பயனில்லை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்கடத்துத் திறன் என்று ஒரு எண் தருவார்கள்; உப்பு கூடக்கூட அதுவும் கூடும். அது மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிச் செடி வளர்ப்பது சிரமம். நடுவில் இருந்தால் சமாளிக்கலாம். தினமும் ஒரு குவளை தெளிப்பதுதான் கெடுதல்: நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை அடி வரை இறங்கும்படி நிறைய ஊற்றினால் உப்பு வேருக்குக் கீழே போய்விடும். மணல் மண்ணில் இது எளிது, களிமண்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. மேலே பனையோலையையோ தென்னை மட்டையையோ பரப்பி வையுங்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் புதுக் கன்றுக்கு முன்னுரிமை கொடுங்கள், மூத்த செடி காத்திருக்கும்.

இனி அரளியின் விஷம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே விஷம். இதயத்துடிப்பைக் குலைக்கும் பொருள் அதில் இருக்கிறது, சில இலைகளே ஒரு குழந்தைக்கு ஆபத்தாகலாம். பச்சை இலை கசப்பாக இருப்பதால் ஆடு பெரும்பாலும் கடித்துவிட்டு விலகும். அதை நம்பித்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். கிளையை வெட்டிப் போட்டால் இலை வாடி, கசப்பு குறையும், விஷம் குறையாது. காய்ந்த தழையோடு கலந்து கிடந்தால் ஆடு தின்றுவிடும். பக்கத்து வீட்டாரின் ஆடு உங்கள் அரளியால் செத்தால் அது தெருச் சண்டையில்தான் போய் முடியும். வெட்டிய கிளையை அன்றே ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடச் சொல்லுங்கள். அடுப்பெரிக்கவோ குப்பையோடு கொளுத்தவோ கூடாது, புகையும் கெடுதல். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளட்டும். பால் பட்டால் சிலருக்குத் தோல் எரியும்.

பையன் வரும்போது செடி எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால், அரளி வரிசைக்கு உள்பக்கம் மூன்று அடி விட்டு இடுப்புயரக் கம்பிவலை அடித்துவிடுங்கள். ஆடு வரும் வெளிப்பக்கத்துக்கும் வேலி வேண்டும். பூஜைக்குப் பறித்த பூவைப் பிரசாதத் தட்டில் வைக்க வேண்டாம், பறித்ததும் கை கழுவ வேண்டும். யாராவது வாயில் போட்டுவிட்டால் உப்புக்கரைசல், மோர் என்று வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற கிளையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கற்றாழையில் இந்த அளவு பயம் இல்லை. சீவும்போது வழியும் மஞ்சள் பால் மட்டும் வயிற்றைக் கலக்கும், அதை வடியவிட்டுச் சோற்றைக் கழுவிப் பயன்படுத்துவார்கள். அதனாலேயே கற்றாழையை அரளிக்கு அடியில் வைக்காதீர்கள். அரளி இலை உதிர்ந்து கிடக்கும் இடத்தில் வாயில் போகிற ஒன்றை வளர்ப்பானேன்? வீட்டுக்குக் கிழக்கே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் மேடு கட்டி வையுங்கள். தம்பிக்கும் மனக்குறை இருக்காது.

அரளிக்குக் கன்று விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தெரிந்த வீட்டுச் செடியில் பென்சில் தடிமனுள்ள குச்சியாக ஒரு அடி நீளம் வெட்டி, புரட்டாசி கடைசியில் பையில் நட்டால் சில வாரங்களில் வேர் விடும். அப்புறம் மழையோடு தரையில் மாற்றலாம். மூன்று அடிக்கு ஒன்று என்று உங்கள் முப்பது அடிக்குப் பத்துச் செடி. ஒன்றரை அடிக் குழியில் மட்கிய ஆட்டெரு ஒரு கூடை போதும். முதல் வருடம் கச்சான் வரும் முன் கன்றுக்குத் தென்மேற்கே கீற்றுத் தட்டி கட்டிவிட்டால் சாயாமல் நிற்கும். பூ புதுக்கிளையின் நுனியில்தான் வரும், அதனால் தையில் கிளையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் பூ எல்லாம் அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில் பூக்கும்.

கொழுந்தில் மஞ்சள் நிற அசுவினி மொய்ப்பது வழக்கம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். இலையடியில் வெள்ளிபோலப் பளபளக்கும் கூட்டுப்புழு தொங்கினால் விட்டுவிடுங்கள், அது ஒரு கருப்பு வண்ணத்துப்பூச்சியினுடையது. அதன் புழு தின்னும் இலையால் வேலிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

குச்சி கிடைக்காமல் நர்சரிக்குப் போனால் செவ்வரளி அல்லது வெள்ளரளி என்று கேட்டு வாங்குங்கள். மணி போன்ற மஞ்சள் பூவும் குண்டுக் காயும் உள்ள தங்க அரளியை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வேறு செடி. அதன் கொட்டை கொடிய விஷம், காய் தரையில் உதிர்ந்து கிடக்கும், சின்னப் பையன் பொறுக்கி விளையாடுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.