லாரி போன வீட்டில் மலையேற்றம் எதற்கு?

அன்புள்ள மேடம்,

நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். என் கணவர் இரண்டு லாரி வைத்திருந்தார். டீசல், டயர், டோல் என்று செலவு ஏற ஏற, வாடகை கட்டுப்படியாகவில்லை. டியூ நின்றதும் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டிகளை எடுத்துப் போய்விட்டார்கள். அதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. பகலில் படுத்தே கிடக்கிறார். டிவி சத்தம் கொஞ்சம் கூடினாலும் எரிந்து விழுகிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் சாப்பாட்டுத் தட்டோடு தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். எட்டு வயது மகன் அப்பா பக்கமே போவதில்லை.

"குடும்பத்தோட அட்வென்ச்சர் கேம்ப் போய்ட்டு வாங்கக்கா, எல்லாருக்கும் தெம்பு வரும்" என்கிறான் என் தம்பி. ஆளுக்கு மூவாயிரம் ரூபாயாம். "வண்டி போன வீட்டுக்கு டூர் ஒரு கேடா?" என்கிறார் மாமியார். நிஜமாகவே இதில் பலன் உண்டா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வதில் பாதி சரி. மூவாயிரம் மட்டும் தேவையில்லை.

1941-இல் பிரிட்டனின் வேல்ஸில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது, போர்க்காலத்தில் கப்பலேறும் இளைஞர்களை மனதில் வைத்து. சிரமத்தைத் தாங்கும் தெம்பு தங்களிடம் இருப்பதை அவர்களே கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். கடலும் மலையும் அதற்கு ஒரு சாக்கு. அந்தச் சாக்கு உங்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது: கொல்லிமலை.

கடன் எப்போது தீரும் என்று தெரியாது. ஆகாய கங்கை அருவிப் படிகள் எங்கே முடியும் என்று தெரியும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது பிள்ளைகள் ஓடுவார்கள், ஏறும்போதுதான் சங்கதி. தொடை நடுங்கும். மகன் பாதியில் உட்கார்ந்து "என்னால முடியாதும்மா" என்பான். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன். அவன் பையை யாராவது வாங்கியாக வேண்டும், "இன்னும் இருபது படிதான்டா" என்று யாராவது பொய் சொல்லியாக வேண்டும். எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதை மகளிடம் விடுங்கள். அவள் உட்காரச் சொன்னால் நீங்களும் உட்கார வேண்டும்.

பஸ்ஸில் போங்கள். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மகனை அப்பா பக்கத்தில் உட்கார வையுங்கள். இறக்கத்தில் டிரைவர் ஏன் சின்ன கியரில் வருகிறார், பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் கணவரைவிட நன்றாகச் சொல்ல அந்த பஸ்ஸில் ஆள் இருக்காது. வண்டிதான் போயிருக்கிறது, தொழில் போகவில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். ஆனால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் பேசாமல் வந்தாலும் சரிதான்.

அன்று ஒருநாள் கடன் பேச்சு வேண்டாம். மழையில் வனத்துறை அருவிக்கு விடவில்லையென்றால் கோயிலோடு திரும்பிவிடுங்கள். கோடையில் காட்டுப்பாதைப் பக்கமே போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்துபோனார்கள். மாமியாரிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

ஒன்றை மட்டும் மலையிடம் விடாதீர்கள். பகல் முழுக்கப் படுக்கை, எரிச்சல், பேச்சு நின்றுபோவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "நான் இல்லாட்டி நல்லாயிருப்பீங்க" என்பது போல ஒரு வார்த்தை வந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே 14416-க்கு அழையுங்கள். 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல உதவி எண் அது; எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அவர் வரமாட்டேன் என்றால் பிள்ளைகளோடு நீங்கள் போய் வாருங்கள். திரும்பி வந்து குத்திக்காட்டாதீர்கள். அடுத்த முறை கிளம்பும்போதும் கூப்பிடுங்கள்.