வீட்டுப் பிரசவத்துக்கு மிட்வைஃப்: வாசகர் கேள்விகள்

மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சியும் உரிமமும் பெற்ற மருத்துவச்சி) ஒருவர் தன் உரிமச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அது போதுமா?

போதாது. அதிலுள்ள பதிவு எண்ணை வைத்து, உரிமம் கொடுத்த கவுன்சிலின் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். இணையத்தில் இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். பெயர் இருந்தால் மட்டும் ஆகாது. உரிமம் புதுப்பித்திருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும், ஏதாவது கட்டுப்பாடோ விசாரணையோ உண்டா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கையோடு கேட்டுவிடுங்கள். அந்த உரிமத்தை வைத்து வீட்டில் பிரசவம் பார்க்கச் சட்டம் இடம் தருகிறதா? பல இடங்களில் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் அனுமதி. உரிமம் அசலாகவே இருக்கும், ஆனால் உங்கள் வீட்டு வாசலில் அது செல்லாது.

டூலா ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். மிட்வைஃபும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். டூலா கையைப் பிடித்துக்கொள்வார், முதுகு நீவிவிடுவார், தைரியம் சொல்வார். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பதும் உதிரப்போக்கை நிறுத்துவதும் அவர் வேலை அல்ல.

இது எனக்குத் தலைப்பிரசவம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

இங்கிலாந்தில் 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 64,000-க்கும் மேற்பட்ட, சிக்கல் குறைந்த பிரசவங்களைப் பார்த்தது. வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைச்சன் தாய்மாரில் 100-க்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் 12 பேர்தான். மாற்றியதெல்லாம் ஆபத்தினால் அல்ல. வலி வந்தும் பிரசவம் முன்னேறாததுதான் அதிகம் சொல்லப்பட்ட காரணம்.

குழந்தையின் நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைச்சன் குழந்தைகளில் கடுமையான பாதிப்பு, ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் 1,000-க்கு 5.3, வீட்டுப் பிரசவத்தில் 9.3. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் மிட்வைஃப், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி மூன்றும் ஒரே அமைப்பாக இயங்கும் இடத்தில் வந்த கணக்கு. உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால், தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ள நான் சரி சொல்ல மாட்டேன்.

நேரில் பேசும்போது என்ன கேட்க வேண்டும்? எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள்.

அன்பாகப் பேசாத மிட்வைஃபைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்! அதனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். “கடைசியாக யாரை, எதற்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள்?” என்று கேளுங்கள். பெயரைச் சொல்லாமல், எப்போது எது சரியில்லை என்று பட்டது, யாருக்குப் போன் செய்தார், போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்று வரிசையாகச் சொல்பவரை நம்பலாம். “என் கையில் அப்படி நடந்ததே இல்லை” என்றால் அவர் பார்த்த பிரசவங்கள் மிகக் குறைவு, அல்லது அனுப்ப வேண்டியவர்களை அனுப்பவில்லை.

அப்புறம் அவருடைய பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல மிட்வைஃப் இதற்குக் கோபப்பட மாட்டார். இதயத் துடிப்பு கேட்க டாப்ளர், ரத்த அழுத்தக் கருவி, குழந்தை மூச்சுவிடாவிட்டால் காற்று கொடுக்கும் பையும் மாஸ்க்கும், தையல் போடுவதற்கான பொருள்கள், உதிரப்போக்கைக் கட்டுப்படுத்த ஆக்ஸிடோசின் ஊசி எல்லாம் இருக்க வேண்டும். ஆக்ஸிடோசினை எங்கே வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் நாள்கணக்கில் கிடந்த மருந்து, அவசரத்தில் கைவிட்டுவிடலாம்.

கூட வரும் இரண்டாவது ஆள் யார்? மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் தாய்க்கு உதிரம் கொட்டினால் அதை யார் பார்ப்பது? பயிற்சி பெற்ற இருவர் வேண்டும். கணவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் குழந்தை சிசேரியன். ஒரு மிட்வைஃப் முடியாது என்றார், இன்னொருவர் தாராளமாகப் பார்க்கலாம் என்கிறார். யாரை நம்புவது?

முடியாது என்றவரை. சுகப்பிரசவத்துக்கு முயலும்போது பழைய தையல் உள்ள கருப்பை கிழியும் வாய்ப்பு ஏறக்குறைய 200-இல் 1. சிறிய எண்தான், ஆனால் கிழிந்துவிட்டால் சில நிமிடங்களில் அறுவை அரங்கில் இருக்க வேண்டும். சுகப்பிரசவம் வேண்டுமென்றால் அந்த வசதியுள்ள ஆஸ்பத்திரியில் முயலுங்கள். இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, உயர் ரத்த அழுத்தம், கருப்பை வாய்ப்பக்கம் இறங்கிய நஞ்சுக்கொடி, 37 வாரத்துக்கு முன்பே வலி என்றாலும் வீட்டுப் பிரசவம் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

எந்த வாரத்திலிருந்து கூப்பிட்டால் வருவார், அவர் வேறொரு பிரசவத்தில் இருந்தால் பதிலுக்கு யார், பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கட்டணம் என்னாகும், அங்கே கூட வருவாரா, காப்பீடு உண்டா.

குழந்தை பிறந்த பிறகும் வருவாரா?

வர வேண்டும். வீட்டில் பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் பரிசோதனை, பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரத்தில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எதை அவர் பார்ப்பார், எதற்கு நீங்கள் டாக்டரிடம் போக வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக அலைய முடியாது.