டவர் எட்டாத கடலும் இ.சி.இ. படிப்பும்

(பதில் சொல்பவர், தொலைபேசித் துறையில் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவிலில் வசிப்பவர்.)

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். டெலிகம்யூனிகேஷன் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்தால், அப்படி ஒரு பிரிவே இல்லை, இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங்) தான் இருக்கிறது என்கிறார்கள். அப்பா ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர். சித்தப்பாவோ, 'போன் கம்பெனியே ஆட்டம் கண்டு கிடக்கு, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு' என்கிறார். என்ன செய்யட்டும் சார்?
– ஒரு மாணவி, தூத்தூர்

பதில்: மக்களே, நீ தேடுவது அந்த இ.சி.இ.க்குள்ளேதான் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1945-ல் தொடங்கியபோது இது டெலிகம்யூனிகேஷன்தான். மகாராஷ்டிரா பக்கம் இன்றும் பல கல்லூரிகளில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டெலிகம்யூனிகேஷன் என்றே நடத்துகிறார்கள். நம்மூரில் இ.சி.இ. நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், மின்காந்தப் புலங்கள், டிஜிட்டல் கம்யூனிகேஷன், ஆன்டெனா, மைக்ரோவேவ், ஆப்டிகல் ஃபைபர், வயர்லெஸ் எல்லாம் இருந்தால் நீ கேட்ட படிப்பு அதுதான்.

தூத்தூரில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இந்தப் படிப்பு எதற்கு என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் அப்பா விசைப்படகில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ செட்டையே எடுத்துக்கொள். அந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. ஆன்டெனா கடல் மட்டத்தில் இருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் வந்துவிடும். 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்றால் 12 கிலோமீட்டர் சொச்சம். எதிர்ப் படகிலும் அதே உயரம் இருந்தால் இரண்டையும் கூட்டி, சுமார் 25 கிலோமீட்டருக்குள் பேசலாம். கரையில் 100 மீட்டர் கோபுரம் கட்டினாலும் படகோடு பேச 53, 54 கிலோமீட்டர்தான். செட்டின் பவரை எவ்வளவு கூட்டினாலும் பூமியின் வளைவு நிமிரப் போவதில்லை. வாரக்கணக்கில் கடலில் தங்கி, லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்களுக்கு இது எந்த மூலைக்கு?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய். வீட்டில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குப் புயல் செய்தியைக் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் இஸ்ரோவின் நாவிக் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கை வாங்கும் கருவிகள் வந்தன. இப்போது இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பும் டிரான்ஸ்பான்டர்களைப் படகுகளில் பொருத்துகிறார்கள். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி மேலே போய்க் கீழே இறங்கவே கால் விநாடி ஆகும். அவ்வளவு தூரம் போய்வரும் சிக்னல் எத்தனை பலவீனமாக இருக்கும், ஆடுகிற படகில் இருக்கும் சின்ன ஆன்டெனா அதை எப்படிப் பிடிக்கிறது, இரைச்சலுக்குள் இருந்து எழுத்தை எப்படிப் பிரிக்கிறது? நான்கு வருடமும் நீ படிக்கப் போவது இதைத்தான்.

சித்தப்பா சொல்வதிலும் உண்மை உண்டு. 2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல்.லில் இருந்து 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். என்னோடு வேலை பார்த்த சிலரும் அதில் உண்டு. ஆனால் அதே நிறுவனம் 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையைத் தொடங்கியது. அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. கேபிள் ஜாயின்ட் போடும் வேலை குறைந்தது நிஜம். கருவியை வடிவமைக்கும் வேலையும் சிப் வடிவமைப்பும் நம் நாட்டுக்கு வந்துகொண்டிருப்பதும் நிஜம். சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல்: இ.சி.இ. படித்தவர்களை சாஃப்ட்வேர் கம்பெனிகளும் எடுக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரை ஆன்டெனா வடிவமைக்கக் கூப்பிடுவது அபூர்வம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உனக்குக் கணக்கு பிடிக்குமா? ஃபூரியர், லாப்லாஸ் என்ற கணித முறைகளும் நிகழ்தகவும் இல்லாமல் இந்தப் படிப்பில் ஒரு பாடமும் நகராது. கணக்கைக் கண்டால் பயம் என்றால் சித்தப்பா பேச்சைக் கேள். பிடிக்கும் என்றால் கேட்காதே.

கேள்வி: மகனுக்கு இன்ஜினீயரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃப் எப்படிப் போடுவது? கல்லூரிப் பட்டியலை எந்த வரிசையில் கொடுப்பது? 'கவுன்சலிங்கில் கிடைக்காது, இப்போதே சீட் பிடித்துவிடுங்கள்' என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார்.
– ஒரு தந்தை, களியக்காவிளை

பதில்: முதலில் அட்வான்ஸைப் பைக்குள்ளேயே வையுங்கள். கவுன்சலிங் தொடங்குவதற்கு முன்னால் அவசரப்படுத்துகிறவர், அது முடிந்த பிறகும் அதே சீட்டோடு உங்கள் வாசலில் நிற்பார்.

கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மார்க் அப்படியே. இயற்பியல், வேதியியல் இரண்டும் பாதியாக. 92, 84, 80 என்றால் 92 + 42 + 40 = 174. ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணக்கில் கூடுதல் எடுத்தவருக்கே முன்னுரிமை.

வரிசையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'நமக்கு எது கிடைக்குமோ அதை மேலே போடுவோம்' என்று நினைக்கிறார்கள். வேண்டாம். கம்ப்யூட்டர் உங்கள் பையனின் ரேங்க் வரும்போது பட்டியலின் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆசைப்பட்டது 15-வது இடத்தில் இருந்தால் அது வரை போகவே போகாது. அதனால் கிண்டி கல்லூரியோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ ஆசை இருந்தால் கூச்சப்படாமல் மேலே போடுங்கள், நஷ்டமில்லை. அப்புறம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, கோணத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, அதற்குக் கீழே தனியார் கல்லூரிகள் என்று நீளமாகவே கொடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. தனியார் கல்லூரி என்றால் முதலில் நேரில் போய் கம்யூனிகேஷன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிக்னலை அலசும் கருவியான ஸ்பெக்ட்ரம் அனலைசர் உறை போட்டு மூடியிருக்கிறதா, பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்கில் வராது, அவற்றுக்குத் தனி விண்ணப்பம்.

உங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பையன் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. நடுவில் கேரளத்துப் பாறசாலை பக்கம் இரண்டு வருஷம் படித்திருந்தால்கூட அது வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் சேர்த்து வாங்குங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

கேள்வி: என் மகள் கான்வென்ட் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?
– ஒரு தாய், முளகுமூடு

பதில்: கிடைக்காது அம்மா. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் மட்டும்தான் அது. உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது பலருக்கும் மனக்குறை. எனக்கும் இதில் வருத்தம் உண்டு, ஆனால் விதி அதுதான். பொது வரிசையில் உங்கள் சமூக ஒதுக்கீடு எப்போதும்போல் உண்டு.

கேள்வி: பாலிடெக்னிக்கில் இ.சி.இ. டிப்ளமோ கடைசி வருடம். பி.இ. சேர்ந்தால் மறுபடி நான்கு வருடமா? அதை முடித்தால் மத்திய அரசு வேலைக்கு எழுதலாமா?
– ஒரு மாணவர், கோணம்

பதில்: மூன்றே வருடம். டிப்ளமோகாரர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு, அதற்குத் தனிக் கவுன்சலிங். லேபில் நீங்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். கணக்குப் பேப்பரில் அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். சேருவதற்கு முன் கிடைக்கும் விடுமுறையில் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வகையீடு, தொகையீடு இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

யு.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினீயரிங் சர்வீசஸ் தேர்வில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டெலிகம்யூனிகேஷன் ஒரு தனிப் பிரிவு. இ.சி.இ. பட்டதாரிகள் தாராளமாக எழுதலாம். எம்.டெக். சேர்க்கைக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் பயன்படும் கேட் (GATE) தேர்வில் உங்கள் தாளின் குறியீடு இ.சி. மூன்றாம் வருடத்திலேயே பழைய வினாத்தாள்களைப் போட ஆரம்பித்துவிடுங்கள்.