பக்கத்து வீட்டு அக்கா ‘யாரோ’

கேள்வி: எனக்கு 24 வயது. வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். பி.இ. முடித்த பிறகு ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பேரிடர் பயிற்சி எடுத்தேன். நானும் நண்பர்கள் ஐந்து பேரும் ஊர் ஊராகப் போய், புயல் வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறோம். இதுவரை 14 ஊர் முடித்துவிட்டோம். யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. “கஜாவையே பார்த்தாச்சு, நீ என்னப்பா புதுசா சொல்லப் போறே” என்கிறார்கள். என் அப்பா நண்பர்கள் எதிரிலேயே “ஊருக்குத்தான் உபதேசம்” என்று நக்கல் செய்கிறார். போன மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்த ராத்திரிகூட நாங்கள் மூன்று ஊர் தள்ளி மைக் கட்டி அறிவித்துக்கொண்டிருந்தோம். அம்மா அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தார், அப்பா மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். 82 வயது அப்பாயியைப் பக்கத்து வீட்டு அக்கா யாரோதான் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாராம். அந்த அளவுக்கு அலைந்தும் மரியாதை இல்லை. வேலைக்குப் போகவில்லை என்ற பேச்சு வேறு. அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது? இதையெல்லாம் விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, நீ என் மகனைவிட இரண்டு வயது சின்னவன். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

நீ எழுதியதில் முக்கால்வாசி எனக்குப் பழக்கமான கதை. ரத்ததானம் செய்கிற பிள்ளைகள், ஏரி தூர்வாருகிற பிள்ளைகள், மரம் நடுகிற பிள்ளைகள் எல்லோரும் இந்த மூன்றைத்தான் எழுதுகிறார்கள். ஊர் மதிக்கவில்லை, அப்பா கிண்டல், விட்டுவிடலாமா. அவர்களுக்குத் தட்டிக்கொடுத்து எழுதி எழுதி என் கையும் தேய்ந்துவிட்டது. உனக்குத் தட்டிக்கொடுக்கிற உத்தேசம் இல்லை. ஏனென்றால் நீ போகிற போக்கில் ஒரு சொல் எழுதியிருக்கிறாய். ‘யாரோ’.

பக்கத்து வீட்டு அக்கா யாரோ! ஏனப்பா, நீ இருப்பது பதினெட்டு மாடி அடுக்ககமா? கிராமத்தில் பக்கத்து வீட்டில் இருப்பவர் எப்படி ‘யாரோ’ ஆவார்? உன் வீட்டு வேலியில் துணி காயப்போடுகிறவர், உன் அம்மாவிடம் மோர் வாங்கிப் போகிறவர் அவர். பெயர் உனக்குத் தெரியாமல் இருக்காது. எழுதத் தோன்றவில்லை. அன்று ராத்திரி உங்கள் வட்டாரத்தில் நடந்த மீட்புப் பணி என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தவர் அவர்தான். அவருக்கு உன் கடிதத்தில் கிடைத்த இடம் அரை வரி. அந்த அரை வரியும் எதற்கு? நீ எவ்வளவு தியாகம் செய்தாய் என்பதற்குச் சாட்சியாக.

நான் கேட்கிறேன், பதில் சொல். அப்பாயி தானாக நடப்பாரா, கைத்தாங்கலா, தூக்க வேண்டுமா? அந்த அக்கா எப்படிக் கூட்டிப்போனார், டிவிஎஸ் 50-இல் நடுவில் உட்காரவைத்தா, முதுகில் சுமந்தா? அவருக்கும் பிள்ளைகள் இருக்குமே, அவர்களை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்? மழையா, கரண்ட் இருந்ததா? அப்பாயியின் மாத்திரைகளை எடுத்தாரா, அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் நீ அந்த வீட்டு வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னாயா? கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மைக் எந்த வண்டியில் கட்டினீர்கள், எத்தனை பேர் போட்டோ எடுத்தார்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. (இடம் போதாததால் அதை வெட்டிவிட்டுத்தான் பிரசுரித்திருக்கிறோம்.)

உன் அப்பா சொல்கிற பழமொழியை நக்கல் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது நக்கலாகப் படவில்லை. ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்பதன் மிச்சப் பாதியை அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் அவர் மேலும் விழும் அடி அது. பெற்ற தாயை வீட்டில் விட்டுவிட்டு மாட்டை மேட்டுக்கு ஓட்டினவர்தானே அவரும்? மாடும் உயிர்தான், அதுதான் வீட்டுக்கு வருமானம், எல்லாம் சரி. ஆனால் எச்சரிக்கை மத்தியானமே வந்திருக்கும். மாட்டுக்கு நேரம் இருந்தது, அம்மாவுக்கு இல்லையா? அந்தக் குற்ற உணர்ச்சிதான் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நக்கலாக வெளியே வருகிறது என்று நினைக்கிறேன். ஆண்கள் அப்படித்தான், தன் மேல் இருக்கிற கோபத்தை மகன் மேல் காட்டுவார்கள்.

வீட்டில் கிழவி இருந்தால் அவளைத் தூக்குவது மகனும் பேரனும் செய்ய வேண்டிய வேலை. இது பழைய பஞ்சாங்கம் என்று நீ சொல்லலாம். இருக்கட்டும். அக்கம்பக்கம் உதவுவது பெரிய விஷயம், அதை நம்பித்தான் கிராமமே நடக்கிறது. ஆனால் அது கைமாற்று. வாங்கினவனுக்கு யாரிடம் வாங்கினோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இப்போது உன் வகுப்புக்கு வருகிறேன். கடிதத்தோடு நீ அனுப்பிய குறிப்புத்தாளைப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்கத் துறைமுகப் புயல் கூண்டு எண்கள், 1-இலிருந்து 11 வரை. வயல்காரரும் உப்பளத் தொழிலாளியும் அதை மனப்பாடம் செய்து என்ன செய்வார்கள்? 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10-உம் அப்படியே. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் வைத்த கணக்கு இது. அடுத்த பக்கத்தில் பூகம்பம் வந்தால் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளச் சொல்லியிருக்கிறாய். கீற்று வீட்டில் மேசை எங்கே இருக்கிறது, தம்பி? பயிற்சியில் கொடுத்த தாளை அப்படியே பிரதி எடுத்திருக்கிறாய்.

பயிற்சியைக் குறை சொல்லவில்லை. போர்வையையும் இரண்டு மூங்கில் கழியையும் வைத்து ஸ்ட்ரெச்சர் கட்டச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த மாதிரிப் பாடம்தான் வேண்டும். அதை நீ 14 ஊரில் செய்து காட்டியிருப்பாய், கைதட்டியிருப்பார்கள். உன் வீட்டு மூலையில் கழி இருக்கிறதா?

“கஜாவையே பார்த்தாச்சு” என்றதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தில் நீ செய்திருக்க வேண்டியது வாயை மூடிக்கொண்டு உட்கார்வது. 2018 நவம்பர் 16 அதிகாலை அது உங்கள் தலைக்கு மேலேதான் கரை கடந்தது. தென்னை மொத்தமும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை ஊர் ஊராக வாடகைக்கு இழுத்துக்கொண்டு போன ஜனங்கள் அவர்கள். யார் வீட்டில் அடிபம்பு இருந்தது, எந்த வழி மரம் விழுந்து அடைபட்டது, யார் மாட்டைக் கட்டை அவிழ்க்காமல் விட்டுப் பறிகொடுத்தார் என்று அவர்களைச் சொல்லவிட்டு எழுதிக்கொண்டிருந்தால் அந்த ஊருக்கான பாடம் அங்கேயே தயாராகியிருக்கும். அப்புறம் நீ சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். காற்றுக்குத் தாங்கின வீடு வெள்ளத்துக்குத் தாங்கும் என்று இல்லை, ஒரு புயலைப் பார்த்தவர்கள் அதைத்தான் தப்பாக நினைக்கிறார்கள். மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்ற இரண்டு எண்களைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதிவைக்கச் சொல். ரேஷன் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரே பையில் வைக்கச் சொல்.

உன் வீட்டிலேயே இருக்கிற வாத்தியாரம்மாவை நீ கேட்கவே இல்லை. அப்பாயிக்கு 82 வயது என்றால், 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலில் அவர் முப்பதைத் தாண்டிய மனுஷி. அப்போது இடுப்பில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்தப் பிள்ளை உன் அப்பாவாகவே இருக்கலாம், கேட்டுப் பார். அவர்கள் காலத்தில் செல்போன் செய்தி கிடையாது, காற்றைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் கடற்கரையில் புயல் நேராக வந்து ஏறினால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். அப்புறம் திடீரென்று ஓய்ந்துபோகும், மரம் அசையாது. புயல் போய்விட்டது என்று வெளியே வருகிறவன்தான் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் புயலின் கண் என்கிற அந்த அமைதியான நடுப்பகுதி கடந்ததும் அதே வேகத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். “வாடை நின்னா வாசலைத் தாண்டாதே” என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கிழவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். உன் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. கிழவிகள் ஏன் முகாமுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள் தெரியுமா? 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது கடலூரில் என் பெரியம்மா வீட்டை விட்டு நகரமாட்டேன் என்றார். ஆண்பிள்ளைகள் நான்கு பேர் வந்து கெஞ்சினார்கள், அதட்டினார்கள். “செத்தா இங்கேயே சாகறேன்” என்றார். அவர்கள் போன பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். விஷயம் கக்கூஸ்தான். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் மைதானத்தின் கடைசியில், மூன்று படி ஏறணும், விளக்கு இருக்காது, தண்ணீர் இருக்காது, குந்தினால் எழுந்திருக்க முடியாது, ராத்திரியில் படுத்திருக்கிற ஆண்களைத் தாண்டிக்கொண்டு போகணும். ஒருவேளை போக நேர்ந்தால் என்று பயந்து மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரி. கடைசியில் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்து, வகுப்பறை மூலையில் ஒரு புடவையைக் கட்டி மறைத்துத்தான் அவரை அழைத்துப்போனோம். போனதும் முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீர் குடித்தார்.

இதை எந்த 24 வயதுப் பையனிடமும் எந்தக் கிழவியும் மைக் முன்னால் சொல்லமாட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வாள். வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கான பேர் செத்த பிறகு, ஊருக்கு ஊர் தொண்டர்களை வைத்து எச்சரிக்கை சொல்லும் ஏற்பாட்டை ஆரம்பித்தார்கள். 1991-இல் மறுபடியும் ஒரு லட்சத்துக்கு மேல் சாவு, ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். துணைக்கு ஆண் இல்லாமல் எப்படிக் கிளம்புவது, முகாமில் மானத்தோடு எப்படி இருப்பது என்று வீட்டிலேயே தங்கியவர்கள் நிறைய. இன்று அங்கே 70,000-க்கு மேல் தொண்டர்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். உன் குழுவில் ஆறு பேர், ஆறும் ஆண்கள். 2004 சுனாமியில் ஆறாயிரத்துக்கு மேல் பறிகொடுத்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, அதிலும் பெண்களும் பிள்ளைகளும் எவ்வளவு பேர் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த இடத்தில் இருந்துகொண்டு, இது உனக்குத் தோன்றவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

விட்டுவிடலாமா என்று கேட்டாய். கூடாது. ஆனால் பதினைந்தாவது ஊருக்கு இப்போது போகாதே. முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போ. வெறுங்கையோடு போகாதே, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போ. அன்று ராத்திரி என்ன நடந்தது என்று முதலிலிருந்து கடைசிவரை அவரைச் சொல்லச் சொல்லிக் கேள், குறுக்கே பேசாதே. அவருக்குச் சம்மதமானால் உன் குழுவில் ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள். வகுப்பில் பேசுவது அவராக இருக்கட்டும், சாமானைத் தூக்கிவருவது நீயாக இரு.

அடுத்து உன் வீடு. ஒரு ராத்திரி எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடு. அப்பாயியை ஸ்ட்ரெச்சரிலோ நாற்காலியிலோ உட்காரவைத்து, ஒரு பக்கம் நீ, மறுபக்கம் உன் அப்பா, பள்ளிக்கூடம்வரை தூக்கிக்கொண்டு போங்கள். அம்மா மாத்திரைப் பையோடு பின்னால் வரட்டும். மாட்டுக் கட்டை யார் அவிழ்ப்பது என்றும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். அப்பா வரமாட்டேன் என்றால் வாதாடாதே, “அப்பாயியை ஒத்தையாத் தூக்க முடியலப்பா” என்று மட்டும் சொல். வருவார். புரியவைப்பது எப்படி என்று கேட்டாயே, அரை கிலோமீட்டர் தாயைச் சுமந்து நடக்கிறவருக்கு நீ எதையும் புரியவைக்க வேண்டியிருக்காது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும், நீ எடுத்ததிலேயே கூட்டம் சேர்ந்த வகுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

வேலை விஷயம்: தேடிக்கொள். தொண்டு சோறு போடாது, போடவும் கூடாது. நாகப்பட்டினத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ கிடைத்தாலும் போ, ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்கு வந்து சேரும் தூரத்தில் இருந்தால் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு எனக்கு எழுது. நான்கு பக்கம் வேண்டாம், ஒரு அஞ்சலட்டை போதும். அப்பாயி பள்ளிக்கூடம் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது, வழியில் என்ன திட்டினார், அந்த அக்காவின் பெயர் என்ன.