கணுக்காலுக்குப் புது மூட்டு வேண்டாம்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கொத்தனார் வேலை, வயது 52. பதினோரு வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் கணுக்கால் எலும்பு முறிந்தது. இப்போது அந்த மூட்டு தேய்ந்து வலிக்கிறது. மாத்திரை, ஊசி, பட்டை எல்லாம் பார்த்தாச்சு; சாரம் ஏற முடியவில்லை. புது மூட்டு வைத்தால் ஒரே மாதத்தில் வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரியில் தானே பேசி முடிப்பதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சிமெண்ட் சட்டியோடு சாரம் ஏறி இறங்கினால் புது மூட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும். அதைக் கழற்றி மறுபடி செய்வது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம்.

உங்களுக்குப் பொருந்துவது மூட்டை இணைப்பது. மிச்சமிருக்கும் ஜவ்வைச் சுரண்டிவிட்டு, எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்குவார்கள். உரசல் நின்றால் வலியும் அடங்கும். கால் கட்டையாகிவிடுமே என்று பயப்படாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் மேலே தூக்கிப் பாருங்கள். அடிபட்ட கால் இப்போதே பெரும்பாலும் இறுகித்தான் இருக்கும். இழக்கப்போவது அந்த மிச்சத்தைத்தான். குந்தி உட்காருவது சிரமம்தான். ஆறு வாரம் போலக் காலை ஊன்றவே கூடாது. சாரம் ஏற நாலைந்து மாதமாவது ஆகும். பீடி பிடித்தால் எலும்பு ஒட்டாமல் போகலாம், இன்றே விடுங்கள்.

சர்க்கரை இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது பஞ்சால் கால்விரல்களைத் தொடச் சொல்லுங்கள். தெரியவில்லையா? நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் போகிறதா? அப்படியானால் கணக்கே வேறு. மரத்த காலுக்குப் புது மூட்டு கூடவே கூடாது. இணைப்பிலும் புண் ஆறாமல் போகலாம், ஸ்க்ரூ உடையலாம். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம் அந்த ஆள். உங்கள் காலைப் பார்க்காமலே ஆபரேஷனை முடிவு செய்கிறவருக்குக் கமிஷன்தான் கண்ணில் தெரிகிறது. ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், அசல் ரேஷன் கார்டையும் கொடுக்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இலவசம். கலெக்டர் ஆபீஸ் மையத்தில் நீங்களே வாங்கலாம். வருமானச் சான்றுக்காகக் கூலியை விட்டு நாள் கணக்கில் அலையவிடுகிறார்களே, அந்த அலைச்சல்தான் ஏஜெண்டுகளுக்குச் சோறு போடுகிறது. எனக்கு ஆறவே இல்லை.

பெரியாஸ்பத்திரி எலும்பு ஓ.பி.க்கு நேராகப் போங்கள். நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே வேண்டும் என்று கேளுங்கள். படுக்கவைத்து எடுத்ததில் தேய்மானம் முழுசாகத் தெரியாது.